ஒரு 'டைம்', ஆறு ஸ்பானிஷ் சொற்கள்



நம் சங்கத்துக் குடும்பங்களில் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகள் இப்போது ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். பள்ளியில் மூன்றாம் மொழியாக எடுத்தவர்கள் சிலர். மேல்படிப்பையும் கம்பெனி வேலையையும் உத்தேசித்து மாலை வகுப்புக்குப் போகிறவர்கள் சிலர். ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி, 20 நாடுகளில் ஆட்சிமொழி என்றால் பிள்ளைகள் அதை நாடுவதில் வியப்பில்லை. பேத்திக்குத் துணையாகப் பாடப் புத்தகத்தைத் திறந்த நானும் பணி ஓய்வுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக இம்மொழியைப் படித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் இந்தப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருவதும் உண்டு. அங்கே வாராவாரம் தலைகாட்டும் ஒரு சிக்கலைத்தான் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது 'டைம்' என்னும் ஆங்கிலச் சொல்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் நினைத்து ஸ்பானிஷில் எழுதுகிறார்கள். அகராதியில் 'டைம்' என்று தேடினால் முதலில் கிடைப்பது 'தியெம்போ'. அதோடு அகராதியை மூடிவிடுகிறார்கள். 'வாட் டைம் இஸ் இட்' என்பது 'கே தியெம்போ எஸ்' ஆகிறது. இதைக் கேட்கும் ஸ்பெயின்காரருக்கு, பிள்ளை வெயில் மழையைப் பற்றிக் கேட்கிறதா, இலக்கணத்தைப் பற்றிக் கேட்கிறதா என்று குழப்பம் வருமே தவிர, கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது. 'உனக்கு டூ டைம்ஸ் சொன்னேன்' என்பதை ஒரு பையன் 'தோஸ் தியெம்போஸ்' என்று எழுதியிருந்தான். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்பானிஷில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை 'தோஸ் தியெம்போஸ்' எஞ்சின் என்றுதான் சொல்வார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் 'குவாத்ரோ தியெம்போஸ்'. அந்தப் பையன் சொன்னது ஏறக்குறைய, 'உனக்கு டூ-ஸ்ட்ரோக் சொன்னேன்' என்பதுதான்!

பிள்ளைகள் மேல் குறையில்லை. ஆங்கிலம் இந்த ஒரு சாக்குப்பைக்குள் பல சரக்குகளைப் போட்டுக் கட்டியிருக்கிறது. ஸ்பானிஷ் அவற்றைத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருக்கிறது. நம் தமிழும் அப்படியே. அதிலும் பல டப்பாக்கள் அளவுக்கு அளவு பொருந்துகின்றன. ஆகவே இந்தப் பாடத்தில் ஆங்கிலத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ் வழியாகப் போய்ப் பார்ப்போம்.

முதலில் உச்சரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பானிஷில் 'ஹ' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. 'வ' போல எழுதுவதை 'பஸ்' என்று சொல்லும்போது வரும் 'ப'வாக ஒலிக்க வேண்டும். 'தியெம்போ'வில் 'ப'வை 'பல்' என்பதில் வருவதுபோல அழுத்திச் சொல்லுங்கள். 'பம்பரம்' போல மெலியக் கூடாது. கடைசி எழுத்தாகிய 'ஸெட்' தென் அமெரிக்காவில் 'ஸ' ஆகவும், ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஒலியாகவும் வரும். இங்கே தென் அமெரிக்க வழக்கத்தையே எழுதியிருக்கிறேன். 'த' நம் 'த'வேதான். ஆங்கிலப் பள்ளிப் பழக்கத்தில் 'டியெம்போ' என்று சொல்ல வேண்டாம்.

இப்போது 'தியெம்போ'. இதற்கு நேரான தமிழ்ச் சொல் 'நேரம்' என்று பலர் சொல்வார்கள். 'எனக்கு நேரமில்லை' என்பதற்கு 'நோ தெங்கோ தியெம்போ' என்பது சரிதான். ஆனால் முழுதும் பொருந்துவது 'காலம்' என்பது என் கட்சி. 'காலம் பறக்கிறது' என்பது அங்கே 'எல் தியெம்போ புவேலா'. 'அந்தக் காலத்தில்' என்பதற்கு 'என் அகேயோஸ் தியெம்போஸ்' என்று பன்மையில் சொல்வார்கள். இலக்கணத்தில் நாம் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்கிறோமே, அந்தக் 'காலம்' ஆங்கிலத்தில் 'டென்ஸ்' என்று வேறு சொல்லாகிவிடுகிறது. ஸ்பானிஷில் அதுவும் 'தியெம்போ'தான். நாம் 'மழைக்காலம், பனிக்காலம்' என்று வானத்தின் போக்கையும் காலத்தோடு சேர்ப்பதுபோல, அவர்கள் இன்றைய வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் 'தியெம்போ' என்கிறார்கள். 'கே தியெம்போ ஆசே?' என்றால் 'அங்கே சீதோஷ்ணம் எப்படி?' என்று பொருள். 'ஆசே கலோர்' என்று பதில் வந்தால், வெக்கையாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இந்த ஒன்றில் நாம் காலத்தோடு நிற்பதில்லை. வானிலை, காலநிலை என்று ஒரு 'நிலை'யைச் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் சேர்ப்பதில்லை.

அடுத்தது 'ஓரா'. கடிகாரம் காட்டும் நேரம் இது. 'மணி என்ன?' என்பது 'கே ஓரா எஸ்?'. இந்தச் சொல்லைப் பார்த்ததும் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். குரு ஹோரை, சுக்கிர ஹோரை என்று நாம் பார்க்கும் ஹோரை, அதாவது ஓரை, இதன் உடன்பிறப்பு. கிரேக்க மொழியில் 'ஹோரா' என்று இருந்த சொல் லத்தீன் வழியாக ஸ்பானிஷுக்குப் போயிற்று. சோதிட நூல்களோடு வடமொழிக்கு வந்து நம்மிடமும் சேர்ந்தது. ஹோராஸ்கோப் என்னும் ஆங்கிலச் சொல்லின் தலையிலும் இதுவே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பெயின்காரர் 'ஹ'வை விழுங்கி 'ஓரா' என்கிறார். நாமும் விழுங்கி 'ஓரை' என்கிறோம். இதை ஒருமுறை கேட்ட பிள்ளை பிறகு 'கே தியெம்போ எஸ்' என்று எழுதுவதில்லை. இது வகுப்பில் நான் கண்டது.

'இப்பொழுது' என்னும் சொல்லை உடைத்தால் 'இந்தப் பொழுது'. ஸ்பானிஷில் 'இப்பொழுது' என்பதற்குச் சொல் 'அஓரா'. அதுவும் 'இந்த ஓராவில்' என்னும் லத்தீன் தொடர் குறுகி வந்ததுதான். மெக்சிகோவில் இதைச் செல்லமாகக் குறுக்கி 'அஓரீத்தா' என்பார்கள். நம் வீடுகளில் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்கிறோமே, அதைப் போன்றது. ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், அந்திவரையிலும் ஆகலாம்.

'ஓரா'வில் ஓர் எச்சரிக்கை. நாம் 'மூன்று மணி' என்பதுபோல அவர்கள் மணி சொல்லும்போது 'ஓரா' என்பதைச் சேர்ப்பதில்லை. 'சோன் லாஸ் த்ரெஸ்' என்றால் மணி மூன்று. ஒரு மணிக்கு மட்டும் ஒருமையில் 'எஸ் லா ஊனா'. 'த்ரெஸ் ஓராஸ்' என்றால் அது மூன்று மணி நேரம். மணிக்கும் மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகிய பிள்ளை இங்கே இடறுவதில்லை.

இன்னொன்று. ஒரு காரியத்துக்கு உரிய வேளையும் 'ஓரா'தான். 'சாப்பாட்டு வேளை' என்பது 'லா ஓரா தே கொமேர்'. அது எத்தனை மணிக்கு என்பது வேறு விஷயம். ஸ்பெயினில் பகல் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்குத்தான். கிரீன்விச் தீர்க்கரேகை அந்த நாட்டின் ஊடாகவே போகிறது. ஆனால் 1940-ல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் பின்னே தள்ளவில்லை. கானரித் தீவுகள் மட்டும் ஒரு மணி பின்தங்கியிருக்கின்றன. அதனால் அந்நாட்டு வானொலியில் மணி சொல்லும்போதெல்லாம் 'கானரியில் ஒரு மணி குறைவு' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த சொல்: 'பெஸ்'. தடவை, முறை, தரம், வாட்டி என்று நம் ஊருக்கு ஊர் எப்படிச் சொன்னாலும் அத்தனைக்கும் இது ஒன்றுதான். 'ஊனா பெஸ்' ஒரு தடவை. 'தோஸ் பெசெஸ்' இரண்டு தடவை. 'ஓத்ரா பெஸ்' இன்னொரு தடவை, மறுபடியும். 'பிரிமேரா பெஸ்' முதல் தடவை. 'ஆ பெசெஸ்' என்றால் சில சமயம். மருந்துச் சீட்டில் 'த்ரெஸ் பெசெஸ் அல் தியா' என்று இருந்தால் நாளைக்கு மூன்று வேளை. மூன்று மடங்கு என்பதற்கும் இதே 'த்ரெஸ் பெசெஸ்' வரும். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது வராது. அங்கே 'தோஸ் போர் த்ரெஸ்' என்று வேறு சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

தமிழில் 'முறை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டல்லவா? 'மூன்று முறை சொன்னேன்' என்பது ஒன்று. வரிசையில் நிற்கும்போது 'இது என் முறை' என்பது மற்றொன்று. 'பெஸ்' என்னும் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'மாறிமாறி வரும் முறை' என்றுதான் பொருள். ஸ்பெயினில் மீன் கடைக்கோ காய்கறிக் கடைக்கோ போனால் கியூவாக நிற்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர் 'கடைசி ஆள் யார்?' என்று கேட்டுத் தம் முறையைத் தெரிந்துகொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இதற்கு 'பெதீர் லா பெஸ்' என்று பெயர், அதாவது முறை கேட்பது. ஆங்கிலத்தில் 'டைம்' கேட்டால் இந்தப் பொருள் வராது. தமிழில் 'முறை' கேட்டால் அப்படியே வருகிறது.

இதைவிட இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. 'அவர் நாளைக்கு வரக்கூடும்' என்பதை நாம் 'ஒருவேளை வருவார்' என்கிறோம். வேளைக்கும் சந்தேகத்துக்கும் என்ன சம்பந்தம்? 'ஒருக்கால் வருவார்' என்பதும் அதே ஜாதி. இந்தச் சம்பந்தத்தை ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தால் கேட்கிறவர் விழிப்பார். ஸ்பானிஷ்காரரிடம் விளக்க வேண்டியதே இல்லை. அவர்களும் 'தால் பெஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 'தால்' என்றால் அப்படிப்பட்ட. 'பெஸ்' என்றால் வேளை, தடவை. இரண்டும் சேர்ந்தால் 'ஒருவேளை'. ஒன்றிலிருந்து ஒன்று பெற்றதல்ல. பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஜனங்கள் தனித்தனியே ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்.

கதை தொடங்கும் விதத்தில் மட்டும் பிரிந்துவிடுகிறோம். அவர்கள் 'ஏராசே ஊனா பெஸ்', அதாவது 'ஒரு தடவை இருந்ததாம்' என்று தொடங்குவார்கள். நாமோ 'ஒரே ஒரு ஊரிலே' என்று இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

'ராத்தோ' என்பது சற்று நேரம், செத்த நேரம். 'ஊன் ராத்தோ' உட்காருங்கள் என்றால் காபி வருகிறது என்று அர்த்தம். 'எப்போக்கா' என்பது யுகம், சகாப்தம், ஒரு காலகட்டம். 'நீராவி எஞ்சின் காலம்' என்று எழுத வேண்டுமானால் இதைப் போடலாம். 'தியெம்போஸ்' போட்டாலும் பிழையில்லை. இவ்விரண்டிலும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது 'பிளாசோ'. பிள்ளைகள் இதை வகுப்பில் தாமதமாகத்தான் சந்திப்பார்கள். ஆனால் பெரியவர்களுக்கு உடனே பிடிபடும். பணம் கட்டவோ, விண்ணப்பம் அனுப்பவோ, வேலையை முடிக்கவோ கொடுக்கப்பட்ட கெடு இது. 'கிவ் மீ சம் மோர் டைம்' என்று கடன்காரர் கேட்பது 'பிளாசோ'. பொருளை வாங்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டினால் அது 'ஆ பிளாசோஸ்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது: தவணை. 'ஒரு மாதம் தவணை கொடுங்கள்' என்பதும் தவணை. 'தவணையில் மிக்ஸி வாங்கினேன்' என்பதும் தவணை. 'இருவரும் ஒப்புக்கொண்ட நாள்' என்பது 'பிளாசோ'வின் லத்தீன் வேர். வங்கிக்காரர்கள் சொல்லும் குறுகிய காலக் கடன், நீண்ட காலக் கடன் எல்லாம் 'கோர்த்தோ பிளாசோ', 'லார்கோ பிளாசோ' என்று வரும்.

ரயில்வேக்காரன் எழுதும் கட்டுரையில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையாவது வராமல் போகுமா? கால அட்டவணை 'ஓராரியோ', 'ஓரா'விலிருந்து பிறந்தது. தாமதம் 'ரெத்ராசோ'. நாம் ரைட் டைம் என்று ரெஜிஸ்டரில் எழுதியதை அவர்கள் 'புன்துவால்' என்பார்கள். நீங்கள் ஓடிப்போய் வண்டி கிளம்புவதற்குள் ஏறிவிட்டால் அது 'ஆ தியெம்போ'. 1992 ஏப்ரலில் மாட்ரிட்-செவில் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருவதாகப் பல ஆண்டுகள் அந்தத் தடத்தில் வாக்குறுதி இருந்தது. சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு இருந்த எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், பாடத்துக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும்: ஸ்பெயினின் பழைய அகலப் பாதை 1668 மில்லிமீட்டர், நம் பிராட்கேஜ் 1676. எட்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பானிஷ் பேசும் அர்ஜென்டினாவிலோ நம்முடைய அதே 1676.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. நம் ஓவர்டைம், அதாவது ஓ.டி., அங்கே 'ஓராஸ் எக்ஸ்த்ராஸ்'. நெரிசல் நேரம் ஸ்பெயினில் 'ஓரா பூன்தா', தென் அமெரிக்காவில் பல நாடுகளில் 'ஓரா பீக்கோ'. இரண்டிலும் 'தியெம்போ' கிடையாது. 'ஹேவ் எ குட் டைம்' என்பதிலோ காலத்துக்கான சொல்லே கிடையாது. 'பசார்லோ பியென்', அதாவது 'நன்றாகக் கழிப்பது' என்று முடித்துவிடுவார்கள். 'பொழுது நன்றாகப் போயிற்று' என்று நாம் சொல்வது இதற்கு அண்டை வீடு.

தமிழ்ப் பற்றால் ஒருதலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியும் ஆங்கிலத்தைப் போல ஒரே சாக்கில் கட்டுவதில்லை. 'தோ பார்' என்பது 'தோஸ் பெசெஸ்'. 'மேரீ பாரீ' என்று வரிசையில் சொல்வது 'பெஸ்' போலவே முறையைக் குறிக்கும். இந்தி நன்றாக வரும் பிள்ளைகள் அதன் வழியாகவும் போகலாம். ஆனால் 'ஒருவேளை', 'தவணை', 'காலம்' மூன்றும் தமிழில்தான் இவ்வளவு ஒட்டிப் பொருந்துகின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன தமிழ் வழி, பிள்ளைக்கு அந்தத் தமிழ்ச் சொற்கள் தெரிந்தால்தான் திறக்கும். நம் வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சைச் சற்றுக் கவனியுங்கள். 'டைம் என்ன ஆச்சு?', 'எத்தனை டைம் சொல்றது உனக்கு?', 'எனக்கு டைம் இல்லை', 'அந்த டைம்ல நாங்க கல்யாண்ல இருந்தோம்', 'ஈ.எம்.ஐ. கட்ட ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன்'. மணி, தடவை, நேரம், காலம், தவணை என்ற ஐந்து சொற்களையும் ஒரே 'டைம்' விழுங்கிவிட்டது. சங்க வகுப்பில் 'தவணை' என்று நான் சொன்னபோது எட்டுப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவளுக்கும் பாட்டி வீட்டோடு இருப்பதால் தெரிந்தது. மற்றவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லைப் புரியவைக்க முதலில் தமிழ்ச் சொல்லைப் புரியவைக்க வேண்டியதாயிற்று. 'தமிழ் எதற்கு உதவும்?' என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. ஸ்பானிஷ் பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கூடும் என்பது அவர்களுக்குப் புரியக்கூடிய பதில்தானே?

ஒரு சிறு பயிற்சி. பிள்ளைகளிடம் கீழே உள்ள வாக்கியங்களைத் தமிழிலேயே படித்துக் காட்டுங்கள். ஆறு சொற்களில் எது வரும் என்று மட்டும் கேளுங்கள். முழு வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டாம்.

(1) மணி என்ன? (2) இந்த மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை சாப்பிடு. (3) மழை கொட்டுகிறதே, உங்கள் ஊரில் எப்படி? (4) வாடகைக்கு ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறார். (5) செத்த நேரம் உட்காருங்கள், அவர் வந்துவிடுவார். (6) ஒருவேளை வண்டி தாமதமாக வரலாம். (7) கடுதாசி எழுத எனக்கு நேரமே கிடைக்கவில்லை. (8) சாப்பாட்டு வேளை ஆயிற்று.

விடைகள்: முதலாவது ஓரா, இரண்டாவது பெசெஸ், மூன்றாவது தியெம்போ, நான்காவது பிளாசோ, ஐந்தாவது ராத்தோ, ஆறாவது தால் பெஸ், ஏழாவது தியெம்போ. எட்டாவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டிலும் எட்டிலும் தமிழில் 'வேளை' என்றே இருந்தாலும், மாத்திரை எத்தனை தடவை என்பது எண்ணிக்கை, ஆகவே பெஸ். சாப்பாடு எப்போது என்பது கடிகாரம், ஆகவே ஓரா. பிள்ளை தடுமாறினால் 'வேளை' இருக்கும் இடத்தில் 'தடவை' என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'நாளைக்கு மூன்று தடவை' நிற்கும். 'சாப்பாட்டுத் தடவை ஆயிற்று' நிற்காது.